போரி பந்தரிலிருந்து அப்பல்லோ பந்தர் வரை

மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்தின் வாசல் தூண்களில் ஒன்றின்மேல் சிங்கம், மற்றதன்மேல் புலி. சிங்கம் இங்கிலாந்து, புலி இந்தியா என்பது கட்டியவர்கள் போட்ட கணக்கு. காலை ஒன்பது மணிக்கு நடைபாதையில் அவற்றைத் தாண்டிப் போகிறவர்களில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை. உள்ளே ஒரு மின்சார ரயில் காலியாவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இறங்குகிறவர்கள் எல்லோரும் தோள்பையை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நெரிசலில் பை தன்னையும் இடிக்காது, பிறரையும் இடிக்காது. பை முதுகில் தொங்கினால் ஆள் வெளியூர்.

என் பை முதுகில்தான் இருந்தது. லண்டன் விமானம் நள்ளிரவுக்கு மேல். மகன் வீட்டில் சில மாதம் தங்கப் போகிறேன். அதற்கு முன் ஒரு முழுப் பகல் சும்மா கிடைத்தது. பெட்டிகள் க்ளோக் ரூமுக்குள் போய்விட்டன. பூட்டில்லாத பெட்டியை அங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதால் பூட்டும் சங்கிலியும் விற்கிறவருக்கு நிலையத்தில் எப்போதும் வியாபாரம் உண்டு.

நிலையத்துக்குள் பாலிஷ் போடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிடுவதில்லை. பிரஷ்ஷின் மரமுதுகால் பெட்டியை டக் டக்கென்று தட்டுகிறார்கள். அவர்கள் பார்வை முழங்காலுக்கு மேலே ஏறுவதே இல்லை. என் புது ஷூவைப் பார்த்த ஒருவர் தட்டுவதை நிறுத்திவிட்டார். அதில் அவருக்கு வேலையில்லை.

இந்த இடத்தின் பழைய பெயர் போரி பந்தர். 1853 ஏப்ரல் 16 அன்று இங்கிருந்துதான் தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. இப்போதுள்ள கட்டடத்தை எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் முடித்தார். மயில், குரங்கு, ஓணான், இலை, கொடி எல்லாம் கல்லில் இருக்கின்றன. இவ்வளவையும் ரயில் பிடிக்க ஓடுகிறவர்களுக்காகவா செதுக்கினார்கள் என்று சந்தேகம் வரும். எதிர்ச்சாரி நிழலில் கால்மணி நேரம் நின்றால்தான் குரங்கே கண்ணில் படுகிறது.

தெற்கே போவது தாதாபாய் நவ்ரோஜி சாலை. வாய்ப்பேச்சில் டி.என். ரோடு. 1896இல் வந்த ஒரு விதிப்படி, இங்கே கட்டடம் எழுப்புகிறவர் தரைத்தளத்தில் தூண்கள் நிறுத்தி ஜனங்கள் நடக்க வழிவிட வேண்டும். மேலே அவரவர் இஷ்டம். ஆகவே ஒரு கட்டடம் கிரேக்கக் கோயிலாகவும் அடுத்தது மாதாகோயிலாகவும் நின்றாலும் கீழே தாழ்வாரம் மட்டும் விட்டுப்போகாமல் ஓடுகிறது. நடக்கிறவனுக்காக ஒரு நகரம் சட்டம் போட்டதென்றால் இன்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது. இப்போது அந்தத் தாழ்வாரத்தில் பாதி கடைகளுக்கு. மொபைல் உறை, பெல்ட், கால்குலேட்டர், கறுப்புக் கண்ணாடி. மீதிப் பாதியில் நகரம் நடக்கிறது. யாரும் முணுமுணுக்கவில்லை.

தூண்களுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டுடியோ. விசா போட்டோவுக்கு ஒரு பையன் வெள்ளைத் துணிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இருபது வயதுக்குள்தான் இருக்கும். மடியில் பிளாஸ்டிக் கோப்பு. போட்டோக்காரர் அவன் முகவாயை இரண்டு விரலால் தொட்டு இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். காது தெரிய வேண்டும் என்றார். கூட வந்த அம்மா ஓடிப்போய்ப் பையனின் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கைப்பையிலிருந்து சீப்பும் எடுத்தாள். பையனுக்கு வெட்கம் வந்து சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாது, தூதரகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று போட்டோக்காரர் கண்டிப்பாகச் சொல்ல, பையன் முகத்தை இறுக்கிக்கொண்டான். அம்மாவும் இறுக்கிக்கொண்டாள். அவளை யாரும் படமெடுக்கவில்லை.

1888இல் இதே ஊரில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் லண்டன் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தான். மனைவியையும் சில மாதக் குழந்தையையும் ஊரில் விட்டு வந்தவன். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளிக்கும், முதல் பயணம் வேறு, மழைக்காலம் கழியட்டும் என்று நண்பர்கள் சொன்னதைக் கேட்டு அண்ணன் அவனை இங்கே விட்டுவிட்டு ராஜ்கோட் திரும்பிவிட்டார். அந்த இடைவெளியில் சாதிக் கூட்டம் கூடியது. கடல் தாண்டிப் போவது மதத்துக்கு ஆகாது என்றார் தலைவர். பையன் மசியவில்லை. சாதியை விட்டுத் தள்ளினார்கள். அவனுக்கு உதவுகிறவருக்கும் துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவருக்கும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றும் விதித்தார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி கப்பலேறினார்.

காத்திருந்த நாட்களில் பொழுதே போகவில்லை, ஓயாமல் இங்கிலாந்துக் கனவுதான் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பம்பாய் அப்போது அவர் கண்ணெதிரே எழும்பிக்கொண்டிருந்தது. ரயில் நிலைய வேலை முடிந்ததே அந்த ஆண்டில்தான். புறப்பட நிற்கிறவனுக்கு எதிரில் இருப்பது எதுவும் கண்ணில் படாது போலும். ஸ்டுடியோவிலிருந்து வெளியே வந்த பையனும் ஈரம் காயாத படத்தைப் பார்த்துக்கொண்டேதான் தாழ்வாரத்தில் நடந்து போனான். பின்னால் வந்த அம்மாதான் கடைகளைப் பார்த்தாள்.

சாலை முடியும் இடத்தில் ஃப்ளோரா நீரூற்று. அருகே, மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர்விட்டவர்களுக்கு நினைவுச்சின்னம். தாதாபாய் நவ்ரோஜியும் சிலையாய் உட்கார்ந்திருக்கிறார். 1855இல் வியாபாரத்துக்காக லண்டன் போய், 1892இல் அங்கே மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவர். அவர் பீடத்து நிழலில் ஒருவர் செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தார்.

கிழக்கே திரும்பினால் 1718இல் திறந்த செயின்ட் தாமஸ் பேராலயம். நகரத்து மைல்கற்களின் தூரத்தை இங்கிருந்துதான் அளந்தார்கள். அன்று இங்கிருந்த கோட்டையில் இந்த ஆலயத்துக்கு வழியான வாயிலின் பெயர்தான் சர்ச்கேட் ஸ்டேஷனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டைச் சுவர் 1860களில் இடிபட்டுவிட்டது. ஆனாலும் ஜனங்கள் இந்தப் பகுதியைக் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள்.

ஆலயத்தைத் தாண்டி ஹார்னிமன் வட்டம். பி. ஜி. ஹார்னிமன் ஆங்கிலேயர். பாம்பே க்ரானிக்கிள் ஆசிரியர். பஞ்சாபில் ஆங்கில அரசு நடத்திய கொடுமைகளைப் பற்றி எழுதியதற்காக 1919இல் அவரை இந்தியாவை விட்டே வெளியேற்றினார்கள். போகிறவர்களையும் அனுப்பப்பட்டவர்களையும் இந்த ஊர் தெருப்பெயரில் பிடித்து வைத்திருக்கிறது. எதிரே ஏஷியாட்டிக் சொசைட்டியின் அகலப் படிக்கட்டில் கல்யாண ஜோடி ஒன்று கேமராவுக்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாலு படி தள்ளிப் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞன் தலையைத் தூக்கவில்லை. மணப்பெண்ணின் பாவாடை அவன் நோட்டைத் தொட்டுவிட்டுப் போனது.

அடுத்து வரும் பல்லார்டு எஸ்டேட்டில் பார்க்க அதிகமில்லை. ஒரே உயரத்தில் கனமான அலுவலகக் கட்டடங்கள், மரநிழல், மதியத் தூக்கம். ஐரோப்பியக் கப்பல்கள் வந்த நாட்களில் பயணிகளை ஏற்றிப் போக ரயில் இங்குள்ள கப்பல் துறைக்கே வந்து நின்றதாம். பழைய இரானிக் கடை ஒன்றில் பெர்ரி புலாவ் சாப்பிடக் கூட்டம் நின்றது. நான் நிற்கவில்லை. சர்ச்கேட்டில் வேறு சாப்பாடு பார்க்க வேண்டியிருந்தது.

அது, வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டப்பாவாலாக்களுடையது. நான் போய்ச் சேர்ந்தபோது பெரும்பகுதி போய்விட்டிருந்தது. கடைசித் தட்டுகள் மட்டும் வெளியே வந்தன. ஆள் நீள மரத்தட்டில் நாற்பது டப்பா போல அடுக்கி, வெள்ளைத் தொப்பிக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நடையில்லை, ஓட்டமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம். பேன்ட் போட்ட அதிகாரிகள் தாமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். காலையிலிருந்து இந்த ஊரில் ஒருவருக்கு மற்றவர் ஒதுங்கிப் பார்த்தது அங்கே மட்டும்தான். இன்னொருவர் கைகொடுக்கத் தட்டு சைக்கிள் பக்கத்தில் இறங்கியது. மூடியில் எழுதியிருந்த நிற எழுத்துகளை ஒரு பார்வை பார்த்துப் பிரித்தார்கள். 1890இல் தொடங்கிய ஏற்பாடு. பேச்சே இல்லை.

ஓவல் மைதானத்தில் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள். ஓர் ஆட்டத்தின் ஸ்லிப் இன்னோர் ஆட்டத்தின் லாங் ஆனுக்கு முதுகு காட்டி நிற்கிறது. அலுவலகம் போகிறவர்கள் நடுவே உள்ள பாதையில் குறுக்கே போகிறார்கள். கிழக்கே உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் மணிக்கூண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறிய காலத்தில் பணம் குவித்த பிரேம்சந்த் ராய்சந்த், தாயார் பெயரில் கூண்டுக்குக் கொடை கொடுத்தார். இந்தக் கட்டடங்கள் அன்று கடலைப் பார்த்து நின்றன. பின்னால் கடலைத் தூர்த்து, 1930களில் மேற்கே வட்ட பால்கனிகளோடு அடுக்குமாடிகள் எழும்பின. கடல் போய்விட்டது. பார்த்த திசையை மாற்ற முடியாமல் நீதிமன்றம் இப்போது மொட்டைமாடித் துணிகளைப் பார்க்கிறது.

காலா கோடாவில் ஒரு கறுப்புக் குதிரை. முதுகில் ஆளில்லை. பழைய சிலையில் ஏழாம் எட்வர்ட் இருந்தார். 1965இல் அவரைக் குதிரையோடு பைகுல்லா தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 2017இல் குதிரை மட்டும் புதிதாக வந்தது. என் கருத்தில் ஊரிலேயே நல்ல சிலை அதுதான்.

அப்பல்லோ பந்தரில் வெயில் சாய்ந்திருந்தது. கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் போட்டோக்காரர்கள் கழுத்தில் கேமராவும் கையில் மாதிரிப் படங்களுமாக ஆள் பிடிக்கிறார்கள். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பிய இந்த வளைவு 1924இல்தான் முடிந்தது. அரசர் இதைக் கடந்து வரவில்லை. 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இதன் வழியே கப்பலுக்குப் போனது. காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915 ஜனவரியில் வந்து இறங்கியதும் இந்தத் துறையில்தான். அப்போது ஒன்றேகால் ரூபாயைப் பற்றி யாரும் பேசவில்லை. வரவேற்கப் பெருங்கூட்டம்.

வெளிநாட்டு விமானத்துக்காக மும்பையில் பகல் முழுக்கக் காத்திருக்க நேர்கிறவர்கள் விமான நிலையத்து நாற்காலியை விட்டு இந்தப் பாதையில் நடந்து பாருங்கள். மெதுவாகப் போனாலும் மாலைக்குள் முடிந்துவிடும். மழைக்காலத்தில் குடை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அலுவலகங்கள் மூடியிருக்கும், டப்பாவாலாக்கள் வரமாட்டார்கள், கட்டடங்கள் மட்டும்தான் இருக்கும்.