அவ ஏன் பேசல?

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது ஒருத்தி எதற்காகத் தொண்டை கிழியச் சண்டை போடுவாள்? பட்டுப்புடவை கலருக்காகப் போடலாம். பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனதற்காகப் போடலாம். நான் ஒரு டி.வி. சீரியலுக்காகப் போட்டேன்.

2004-ம் வருடம். நுங்கம்பாக்கத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். இருபத்திரண்டு பேருக்கு ஒரே டி.வி., அதுவும் சாப்பாட்டுக் கூடத்தில். ரிமோட் வார்டன் அம்மாவின் இடுப்பில். பத்து மணி அடித்தால் டி.வி.யும் அணையும், விளக்கும் அணையும். அதற்குள் மொத்த விடுதியும் தட்டோடு அங்கே உட்கார்ந்திருக்கும். ரசம் ஆறிப்போகும், யாருக்கும் தெரியாது.

அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். 1999 கடைசியில் 'சித்தி' ஆரம்பித்ததிலிருந்தே தமிழ்நாட்டுச் சாயங்காலங்கள் சீரியலுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன. 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி', அஞ்சு பெண்ணைப் பெற்ற சிதம்பரத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஆக்கியிருந்தது. தேவயானியின் 'கோலங்கள்' தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் சொல்ல வருகிற சீரியல் இவற்றில் எதுவும் இல்லை. அதன் பெயர் வேண்டாமே. திட்டப் போகிறேன், அப்புறம் எதற்கு வம்பு!

அந்தச் சீரியலில் கதாநாயகிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்ட அம்பது பவுனுக்காக அப்பா யாருக்கும் தெரியாமல் வீட்டை அடமானம் வைத்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மூணு வாரமாக அதே பேச்சு. வெள்ளிக்கிழமை எபிசோட் முடியும்போது, கண்ணாடி முன்னால் நின்று, "திங்கக்கிழமை அத்தனை பேர் முன்னாடியும் நான் பேசுவேன்" என்றாள். தொடரும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுதியில் வேறு பேச்சே இல்லை. திங்கட்கிழமை, ஆபீஸில் ஓவர்டைம் இருந்தவள்கூட வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

எபிசோட் ஆரம்பித்தது. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். மாமியார் முகம், க்ளோஸ்-அப். இடி. மாமனார் முகம், இடி. சித்தப்பா முகத்துக்கும் ஒரு இடி. அவர் எதற்கு வந்தார் என்றே தெரியாது. மறுபடி மாமியார். நடுவில் ரெண்டு தடவை விளம்பரம். கடைசி ஒரு நிமிஷம் இருக்கும்போது கதாநாயகி வந்தாள். வாயைத் திறந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர். குனிந்து மாமியார் காலைத் தொட்டாள். தொடரும்.

கூடத்தில் எழுந்த கூச்சலில் வார்டன் அம்மாவே ஓடிவந்தார்.

"இதுக்காடி மூணு வாரம் உக்காந்திருந்தோம்?" என்றாள் திருநெல்வேலிக்காரி. "எங்க ஊர்ல பேசுறேன்னு சொன்னா பேசிருவா. இது என்ன, சொல்லிட்டு கால்ல விழுறது?"

எங்களில் ஒருத்தியின் அத்தை பையன் சீரியலில் உதவி இயக்குநர். அதனால் அவள் பெயர் சினிமாக்காரி. அவள் பெரிய அனுபவஸ்தி மாதிரி விளக்கினாள்: "உங்களுக்கு ஒண்ணும் புரியாது. தயாரிப்பாளர் சேனல்கிட்ட அந்த அரைமணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருப்பாரு. விளம்பரம் புடிச்சுதான் அந்தக் காசை எடுக்கணும். ரேட்டிங் ஏறியிருக்கற நேரத்துல அவ பேசிட்டா கதை முடிஞ்சிடும். முடிஞ்சா காசு? அதுவும் இல்லாம, மாப்பிள்ளையா நடிக்கறவரைக் காணோம் பார்த்தியா? அவருக்கு இன்னிக்குக் கால்ஷீட் இருந்திருக்காது. மாப்பிள்ளை இல்லாம எப்படிப் பேசுவா?"

"மாப்பிள்ளை இல்லாட்டி என்ன? வாய் இருக்குல்ல?"

இது நான். எழுந்தே நின்றுவிட்டேன். கையில் சாதம் காய்ந்துகொண்டிருக்கிறது. "அப்பன் வீட்டை அடமானம் வெச்சிருக்கான். இவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஊமையா நிக்கறா. இவ என்ன சின்னக் குழந்தையா? அப்பா மூஞ்சியைப் பார்த்தாளாம், அழுகை வந்துச்சாம். அந்தாளு தெருவுல நிக்கறப்போ யாரு அழுவா?"

பேங்க் அக்கா மட்டும் தட்டை நகர்த்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அவ செஞ்சது சரிதான். நெஜத்துல அப்படித்தான் நடக்கும்."

பேங்க் அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு. விடுதியில் பதினோரு வருஷமாக இருந்தவர். அவர் பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. அன்றைக்கு நான் பேசினேன். நெஜத்துல நடக்கறதைக் காட்ட சீரியல் எதுக்கு, கோழைக்கெல்லாம் கதாநாயகின்னு பேர் எதுக்கு என்று கத்தினேன். கால்மணி நேரம் போயிருக்கும். கடைசியில் பேங்க் அக்கா என்னைப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில், "நீ பேசிட்டியா?" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் அப்பா வேலை பார்த்த நூற்பாலையை மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. தம்பி பாலிடெக்னிக்கில் ரெண்டாம் வருஷம். எனக்கு ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. சம்பளம் ஏழாயிரத்து ஐந்நூறு. அதில் மாதா மாதம் மூவாயிரம் ஊருக்கு மணியார்டர் போகும். அதுதான் வீட்டு வாடகை, அதுதான் தம்பி ஃபீஸ்.

பூ வைக்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு வேலைக்குப் போகட்டும், எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லே" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்: "வீடு கட்டின லோன் ஓடிட்டிருக்கு. ரெண்டு பேர் சம்பளமும் வந்தா சீக்கிரம் அடைச்சிடலாம்."

அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் என்னை விடவே இல்லை. தூக்கம் போனது. ஜாக்கெட்டை இரண்டாவது தடவை பிடித்துக் கொடுக்கும்போது தையல்காரர், "ஏம்மா, கல்யாணத்துக்குள்ள காணாமப் போயிடுவ போலிருக்கே" என்றார். ஆடித் தள்ளுபடியில் மற்ற துணியெல்லாம் எடுத்தாகிவிட்டது, ஆவணி பிறந்ததும் கூறைப்புடவை எடுக்கலாம் என்று அம்மா போனில் உற்சாகமாகச் சொல்வாள். நான் சரி சரி என்பேன். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "ஜலதோஷம்மா." கல்யாணப் பெண் என்றால் இளைக்கத்தான் செய்யும் என்று ஊரே சொன்னது. எனக்கும் அந்தக் காரணம் வசதியாக இருந்தது.

இதைப் பேங்க் அக்காவிடம் மட்டும் ஒருநாள் சொல்லியிருந்தேன்.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் நாங்கள் மூணு பேர். நான், பேங்க் அக்கா, ஹைகோர்ட்டில் ஜூனியராக இருந்த வக்கீல். வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் உடனே, "இதுல என்னடி பயம்? 1987-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. கல்யாணமான பொண்ணுக்கும் அப்பா அம்மாவைக் காப்பாத்தற கடமை இருக்கு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவு" என்றாள்.

"அதை நான் மாமியார்கிட்ட போய்ச் சொல்லவா?"

அவளும் சிரித்துவிட்டாள். சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. (2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் மகன், மகள் என்று இருவரையும் சேர்த்தே சொல்கிறது.) ஆனால், பூ வைக்கிற கூடத்தில் காபி டம்ளருக்கும் தாம்பூலத் தட்டுக்கும் நடுவில் சட்டப் புத்தகத்தை எங்கே வைப்பது?

"நீங்க ஏன்க்கா அவளுக்குப் பரிஞ்சு பேசினீங்க?" என்று பேங்க் அக்காவைக் கேட்டேன்.

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். ஸ்டெர்லிங் ரோடு பக்கம் கடைசி 29சி போகிற சத்தம் கேட்டது.

"நான் பேசினேன்டி. எனக்குப் பின்னாடி ரெண்டு தங்கச்சி. அவங்களுக்கு முடிக்கற வரைக்கும் சம்பளத்தை வீட்டுக்குத்தான் கொடுப்பேன்னு நிச்சயத்துக்கு மறுநாளே சொன்னேன். தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் ரெண்டு இடம் வந்துச்சு, அதுவும் அப்படியே போச்சு. தங்கச்சிங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நான் இங்க உன்கூட ரசம் சாப்பிட்டுட்டிருக்கேன்."

எங்கள் இரண்டு பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"அதனால, பேசுன்னு நான் உன்கிட்ட சொல்ல மாட்டேன். பேசினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பேசாம இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. சீரியல்ல அவளுக்கு அடுத்த வாரம் ஒரு எபிசோட் இருக்கு. உனக்கு இருபது நாள்தான் இருக்கு. யோசிச்சுக்கோ."

மறுநாள் மத்தியானம் ஆபீஸ் பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய காயின் பாக்ஸிலிருந்து அம்பத்தூரில் அவர் வேலை பார்த்த கம்பெனிக்குப் போன் செய்தேன். கையில் ஆறு ஒரு ரூபாய் நாணயம். அவர் லைனுக்கு வருவதற்குள்ளேயே இரண்டு போய்விட்டது. நிச்சயத்துக்கு அப்புறம் நாலைந்து தடவை பேசியிருக்கிறோம். சாப்பிட்டாச்சா, மழை பெய்யுதா, அவ்வளவுதான். அன்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டேன். எழுதி வைத்து மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"மாசம் எவ்ளோ?" என்றார்.

"மூவாயிரம்."

"அன்னிக்கே ஏன் சொல்லலே?"

"அப்பா தலையாட்டிட்டாரு."

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பீப் வந்தது. கடைசி நாணயத்தையும் போட்டேன். "சரி, பார்க்கறேன்" என்றார். வைத்துவிட்டார்.

அடுத்த ரெண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. விடுதியில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. டி.வி. முன்னால் இருந்தாலும் எல்லார் காதும் வாசல் போனில்தான் இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்தாலே குமட்டியது. பேங்க் அக்கா என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே விடுதி கேட்டுக்கு வந்து நின்றார். கம்பெனி யூனிஃபார்மில், கையில் டிபன் கேரியரோடு. "அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்கு வருத்தம்தான். தம்பி படிச்சு முடிக்கற வரைக்கும்னா சரிங்கறாங்க."

"அதுக்கப்புறமும் எங்கப்பா இருப்பாரே" என்றேன்.

என்னைப் பார்த்தார். "முதல்ல இது ஆகட்டும்" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். முதல் சில வருடங்கள் மாசம் பிறந்தால் மாமியார், "பணம் அனுப்பியாச்சா?" என்று கேட்பார். அந்த நாலு நாள் குழம்பில் உப்பு கூடும். தம்பி படித்து முடித்து, வேலை கிடைத்து, அவனும் கொடுக்க ஆரம்பித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. வீட்டில் அதற்காகச் சத்தம் வந்திருக்கிறது. 2013-ல் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து நான் திரும்பி வந்த மாதம், ஒண்ணாம் தேதி சமையலறை வாசலில் நின்று மாமியார், "உங்கம்மாவுக்குப் பணம் அனுப்பியாச்சா?" என்று கேட்டார். அதே கேள்விதான். எனக்குத்தான் அன்றைக்கு அழுகை வந்தது.

சீரியல் பார்க்கிற பெண்களை வைத்து எத்தனை ஜோக் வந்திருக்கிறது! கதாநாயகிக்காக அழுவார்கள், வில்லியைத் திட்டுவார்கள், அடுப்பில் பால் பொங்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால், அந்தக் கூடத்தில் என்னோடு சண்டை போட்டவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். திருநெல்வேலிக்காரிக்கு வீட்டில் சொல்லாத ஒரு காதல் இருந்தது. சினிமாக்காரி மூன்று வருடமாக வீட்டு வரன்களைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். 'அவ ஏன் பேசல?' என்று அன்றைக்கு எல்லாரும்தான் கத்தினோம். எவளைக் கேட்டோம் என்பது அவரவருக்குத்தான் தெரியும்.

இப்போது என் மகள் போனிலேயே பத்து எபிசோடை ஒரே ராத்திரியில் பார்த்து முடிக்கிறாள். பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறாள். வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை காத்திருந்து ஏமாறுகிற பாக்கியம் அவளுக்கு இல்லை.

சரி, அந்தக் கதாநாயகி கடைசியில் பேசினாளா?

என் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. மேடையில் விடுதிப் பெண்கள் சுற்றி நிற்க, தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகாத மணப்பெண் தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவர் ஒன்றும் புரியாமல் முழிக்கிறார். பெரியத்தை இன்றைக்கும் அந்தப் போட்டோவைக் காட்டி, "கல்யாணப் பொண்ணு இப்படியா சிரிப்பா?" என்பார்.

போட்டோகிராபர் 'ரெடி' சொன்ன நேரத்தில் பேங்க் அக்கா என் காதருகே குனிந்தார். "நேத்தும் அவ பேசலடி."