நகரியின் இகரம்

நகரியைச் சேர்ந்த ஆய்வு மாணவி ஒருவர் தம் ஊரைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் தொகுத்து வைத்திருந்தார். 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட ஊர் நகரி. அங்கே தமிழ்ப்பெயர்கள் எந்த அளவு எஞ்சியுள்ளன என்பதே அவருடைய இயலின் கேள்வி.

பெயர் ஈறுகளை எண்ணப் பிஎச்பி மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதினார். ஈற்றுச்சொல், அதன்பின் சொல்லெல்லை: இவ்வளவே தேடுகோலம். யூனிகோடாகப் படிக்கச் சொல்லும் 'யு' என்ற மாற்றியையும் மறவாமல் சேர்த்திருந்தார். ஏகாம்பரகுப்பம் கிடைத்தது, புத்தூர் கிடைத்தது. 'பள்ளி' என முடிவனவும் 'பேட்டை' என முடிவனவும் தமிழ்ப்பட்டியலில் சுழியம். தெலுங்குப் பட்டியலிலோ அவற்றின் இணைகள் குறைவின்றி வந்தன. வடமாலைப்பேட்டை கண்முன்னே பட்டியலில் இருந்தது. அது மட்டும் இல்லையென்றால் 'தமிழ் ஈறுகள் தேய்ந்தன' என்றொரு பத்தியே எழுதப்பட்டிருக்கும்.

பிழைச்செய்தி ஏதும் இல்லை. பொருத்தம் இல்லை என்பதும் நிரலுக்கு முறையான விடைதானே! இரண்டு நாள் கோப்பையே ஐயுற்றார். பின்னர்த் தம் ஊர்ப்பெயரையே சோதனைக்கு இட்டார். சொல்லெழுத்துகளை மட்டும் எடு என்றதற்கு 'நகர' என்று வந்தது. இகரம் காணோம்.

யூனிகோடு உயிர்க்குறிகளை இருவகையாகப் பிரிக்கிறது: இடம் அடைக்கும் குறி, இடம் அடைக்காத குறி. தமிழின் புள்ளியும் ஈகாரக் குறியும் இரண்டாம் வகை. இகர, ஐகாரக் குறிகள் முதல் வகை. தெலுங்கின் இகரக் குறியோ மெய்யின் தலைமேல் அமர்வதால் இரண்டாம் வகை. பிஎச்பி பயன்படுத்தும் பிசிஆர்இ2 நூலகம் 10.43ஆம் பதிப்பிலிருந்து இரண்டாம் வகையை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் இரண்டையுமே ஏற்கவில்லை. அன்றைக்கு ஓட்டியிருந்தால் எல்லா ஈறுகளும் ஒருசேரப் பொய்த்துப் பிழை உடனே தெரிந்திருக்கும். பாதி திருத்தம் முழுப் பிழையைவிடக் கொடிது.

தீர்வு ஒரு வரிதான். சொல்லெல்லைக் குறியீட்டை நீக்கிவிட்டு, 'எழுத்துப் பண்போ குறிப் பண்போ உடைய எதுவும் அடுத்து வாராதிருக்க' என்னும் முன்னோக்கு விலக்கை அவர் இட்டார். பள்ளிகளும் பேட்டைகளும் வந்து சேர்ந்தன.

ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் இப்போது நிரலின் பதிப்பெண்ணும் தேடுகோலமும் அச்சாகியிருக்கின்றன. முந்தைய மாதம் எண்ணி முடித்த வேறு மூன்று அட்டவணைகளை அவர் மீண்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.