நிறுத்த இடம் ஒன்றுதான்

ஹிரோஷிமா ரயில் நிலையத்திலிருந்து சான்யோ பாதையில் கிழக்கே இரண்டாவது நிறுத்தம் முகைனாடா. இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் மாஸ்தா கார் நிறுவனத்தின் தலைமையகம். ஊரின் பெயர் ஃபுச்சூ. நான்கு பக்கமும் ஹிரோஷிமா மாநகரம் சூழ்ந்திருக்க, அதில் சேராமல் நடுவே தனி ஊராகப் பிடிவாதமாக இருக்கிறது.

மாஸ்தா என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண கோஷ்டியையும் ஏற்றிச் சென்ற ஸ்வராஜ் மாஸ்தா வேன்தான். 1980-களில் தொடங்கிய அந்தக் கூட்டு நிறுவனம் 2011-ல் பெயரிலிருந்து மாஸ்தாவைக் கழற்றிவிட்டது. ஆனால் இந்தக் கட்டுரை வேனைப் பற்றியது அல்ல. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றியது. உலகம் அதை எம்எக்ஸ்-5 அல்லது மியாட்டா என்கிறது. ஜப்பானியருக்கு அது ரோட்ஸ்டர்.

2025 அக்டோபரில் ஹிரோஷிமாவில் நான் தங்கியது ஒரு சிநேகிதியின் வீட்டில். அவரும் மொழிபெயர்ப்பாளர்தான். வயது 58. அவரிடம் 1990-ல் தயாரான முதல் தலைமுறை ரோட்ஸ்டர் இருக்கிறது. சிவப்பு. 1996-ல் பழைய காராக வாங்கியது. அதை விற்றுவிட்டு நான்காம் தலைமுறைக்கு, அதாவது இப்போது விற்பனையில் இருப்பதற்கு, மாறுவதா வேண்டாமா என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்களேன் என்று சொல்ல முடியாது. ஜப்பானில் கார் வாங்குகிறவர் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் அவருக்கு இருப்பது ஒரே ஒரு கார் நிறுத்துமிடம்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. பெட்ரோல் காருக்கு 13 வயது தாண்டினால் ஆண்டு வரி சுமார் 15 சதவீதம் கூடுகிறது. எடைக்கான வரியும் 13-ம் வயதில் ஒரு முறை, 18-ம் வயதில் இன்னொரு முறை ஏறுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தகுதிச் சோதனை. அடுத்த சோதனை வரும் மார்ச்சில். அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

“நீங்கள் வெளியாள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். கார் ஓட்டுவதில் எனக்கு அப்படியொன்றும் பிரமாதமான தேர்ச்சி கிடையாது. ஆனால் மூலத்தையும் புதுப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தொழில்.

முதலில் தொழிற்சாலைக்குப் போனோம். மாஸ்தா அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும். தலைமையகத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றிச் செல்கிறார்கள். ஆற்றைக் கடக்க நிறுவனமே கட்டிய சொந்தப் பாலம் இருக்கிறது. அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் லாரிகளும் ஊழியர்களும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

1920-ல் இது கார்க் தயாரிக்கும் கம்பெனி. பாட்டில் மூடிக்கு ஆகுமே, அந்தக் கார்க். 1931-ல் மூன்று சக்கர லாரி செய்ய ஆரம்பித்தபோது மாஸ்தா என்ற பெயர் வந்தது. பொறுப்பிலிருந்த மட்சுதாவின் பெயரும் பாரசீகத் தெய்வமான அஹுரா மாஸ்தாவின் பெயரும் அதில் கலந்திருக்கின்றன. அந்த ‘அஹுரா’வும் நம் ‘அசுர’னும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. அங்கே கடவுள், இங்கே வில்லன்.

1945 ஆகஸ்ட் 6 காலை அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து தொழிற்சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். இடையில் ஹிஜியாமா என்ற குன்று. சுமார் எழுபது மீட்டர் உயரமே உள்ள அந்த மேடு மறைத்ததில் கட்டடங்கள் பெருமளவு தப்பித்தன. நகரத்தில் இருந்த அலுவலகம் அழிந்துவிட்டதால் மாவட்ட நிர்வாகமே இந்தத் தொழிற்சாலைக்குக் குடிவந்து 1946 வரை இங்கேயே இயங்கியது. அதே 1945 டிசம்பரில் மூன்று சக்கர லாரி மறுபடி வெளியே வந்துவிட்டது.

ரோட்ஸ்டர் பிறந்ததில் பத்திரிகைக்காரர் ஒருவருக்குப் பங்குண்டு. 1979-ல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், அப்போது மாஸ்தாவின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த கெனிச்சி யாமமோதோவிடம், பழைய பிரிட்டிஷ் கார்களைப்போல எளிமையான, எடை குறைந்த, திறந்த கார் ஒன்றைச் செய்யுங்கள் என்றார். பத்திரிகைக்காரர் பேச்சை ஒரு நிறுவனம் கேட்டது என்பதே செய்திதான். ஹால் பிற்பாடு மாஸ்தாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் உருவான கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. பிரிட்டிஷ்காரர்களே கைவிட்டிருந்த ஒரு கலையை ஜப்பானியர்கள் மழை ஒழுகாமல் செய்து காட்டினார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரானது.

ஹிராய் குழு தாரக மந்திரமாக வைத்துக்கொண்ட சொல் ‘ஜின்பா இத்தாய்’. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓர் உடல் என்று பொருள். முல்லைத் திணைப் பாடல்களில் வீடு திரும்பும் அவசரத்தில் பாகனின் திறமையைப் பாராட்டும் தலைவனுக்கு விளக்கம் தேவைப்படாது.

தயாரிப்புப் பகுதியில் கேமராவுக்கு அனுமதியில்லை. மேலே நின்று பார்க்கலாம். தனித்தனி வரிசை கிடையாது. பெரிய குடும்பக் கார்களுக்கு இடையில் திடீரென்று இடுப்புயரத்தில் ஒரு ரோட்ஸ்டர் நகர்ந்து வருகிறது, கல்யாண வரிசையில் பெரியவர்களுக்கு நடுவே அகப்பட்ட குழந்தை மாதிரி. சிநேகிதி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பழைய காரில் புறப்பட்டோம். ஹிரோஷிமாவிலிருந்து கடலோரமாகக் குரே. அதைத் தாண்டிக் கவாஜிரி. அங்கிருந்து அகினாதா தொங்குபாலம். 1,175 மீட்டர் நீளம். பிறகு தீவிலிருந்து தீவுக்குப் பாலம் பாலமாகத் தாவுகிறது சாலை. ஒரு பக்கம் உள்நாட்டுக் கடல், மறுபக்கம் படிப்படியாக மிகான் ஆரஞ்சுத் தோட்டங்கள். கடைசியில் மிதராய் என்ற பழைய துறைமுகக் கிராமம். பாய்மரக் கப்பல்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் காத்துக் கிடந்த ஊர். ‘டிரைவ் மை கார்’ என்ற படத்தில் நாடக இயக்குநர் தங்கியிருப்பது இங்கேதான். 2022-ல் ஆஸ்கர் வாங்கிய படம். அதிலும் ஒரு பழைய சிவப்புக் கார், ஸாப் 900. ஸாப் கார் கம்பெனி 2011-ல் திவாலாகிவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த மாதிரித் தகவல்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

கூரையைத் திறப்பது ஒரு சடங்கு. முதலில் பின்பக்கப் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைக் கழற்ற வேண்டும். பிறகு முன்னால் இரண்டு கொக்கிகள். பிறகு மடக்கு. கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடி. ஏர்பேக் இல்லை. 1.6 லிட்டர் என்ஜின், 120 குதிரைச் சக்தி, ஐந்து கியர். இன்றைக்குச் சாதாரணக் குடும்பக் கார்கூட இதை முந்திவிடும். ஆனால் காரின் எடை 940 கிலோதான். வளைவில் நுழையும்போது சாலை சொரசொரப்பாக இருக்கிறதா வழவழப்பாக இருக்கிறதா என்பது இருக்கை வழியாக முதுகுக்கே தெரிகிறது. 60 கிலோமீட்டர் வேகம் 100 போலத் தோன்றுகிறது. இதைவிட மலிவான சந்தோஷம் மோட்டார் உலகில் கிடைக்காது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. தவளைக் கண்போல விளக்குகள் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்தன. அழகு. வெளிச்சம்தான் போதவில்லை. எதிரே வருகிற கார்களின் எல்இடி விளக்கில் சிநேகிதி கண்ணை இடுக்கிக்கொண்டே ஓட்டினார். ஒரு வளைவில் கொஞ்சம் தாமதமாகத்தான் சைக்கிள்காரரைப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப்பிறகு குரே வரும்வரை இருவரும் பேசவில்லை.

அதற்கடுத்த நாள் அதே சாலை, அதே நேரம், வாடகைக்கு எடுத்த நான்காம் தலைமுறை ரோட்ஸ்டர். 2015-ல் வந்த இந்தக் காரின் விசேஷம், மற்ற கார்களெல்லாம் தலைமுறைக்குத் தலைமுறை ஊதிப் பெருக்கும்போது இது சுருங்கியதுதான். மூன்றாம் தலைமுறையில் ஏறிய எடையை இதில் கிலோ கிலோவாகக் குறைத்து, ஆரம்பத்தில் எளிய மாடலை 990 கிலோவுக்குக் கொண்டுவந்தார்கள். நீளம் முதல் காரைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவு. என்ஜின் 1.5 லிட்டர். கூரைக்கு நடுவில் ஒரே ஒரு கொக்கி. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒற்றைக் கையால் பின்னால் தள்ளிவிடலாம். கியர் ஆறு. ஹேண்ட் பிரேக்கைக் கையால்தான் இழுக்க வேண்டும். அந்த மட்டில் அவர்கள் பிடிவாதத்தை விடவில்லை. முன்னால் சாமான் பெட்டி மட்டும் கிடையாது. “கார் காகிதங்களை எங்கே வைப்பது?” என்று சிநேகிதி தேடினார். இருக்கைகளுக்கு நடுவே, முதுகுக்குப் பின்னால் இருந்தது.

ஓட்டம்? பழைய கார் சொன்ன எல்லாவற்றையும் புதியதும் சொல்கிறது. இன்னும் தெளிவாக, இன்னும் சுருக்கமாக. ஸ்டியரிங் வழியே வரும் செய்தி மட்டும் சற்று வடிகட்டி வருகிறது. நல்ல மொழிபெயர்ப்பு என்று சொல்வேன். இருட்டிய பிறகு அதே வளைவு வந்தது. சாலையோரக் கல்லின் சொரசொரப்புவரை தெரிந்தது.

அவ்வளவுதானே, வாங்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். சிநேகிதியின் மெக்கானிக் அப்படி நினைக்கவில்லை. எழுபது வயதைத் தொடுகிறவர். மலைச்சரிவில் மூன்று கார் நிற்கும் அளவு பட்டறை. பழைய காரில் தன்னால் கழற்றிச் சரிசெய்ய முடியாதது எதுவுமில்லை என்கிறார். புதியதில் இருக்கும் திரைகளும் சென்ஸார்களும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் முப்பது வருடம் கழித்துப் பழுதானால் யாரிடம் போவது என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. 2023 அக்டோபரில் மாஸ்தா இந்தக் காரின் மின்னணு அமைப்பையே புதிதாக்கியது. கார்களின் கம்ப்யூட்டர்களுக்குள் வெளியாள் ஊடுருவாமல் தடுக்க வேண்டும் என்று வந்த சர்வதேச விதிகள் ஒரு காரணம். அதே விதிகளுக்காகச் செலவு செய்ய மனமில்லாமல் போர்ஷே தன் 718 பெட்ரோல் காரை 2024-ல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. வயது எட்டான ஒரு சிறிய காருக்கு மாஸ்தா அந்தச் செலவைச் செய்தது பாராட்ட வேண்டியதே. ஆனால் மென்பொருள் என்றால் வேறு சங்கடங்களும் உண்டு. ரோட்ஸ்டரின் இரும்புக்கூரை வகைக்கான அரசுச் சோதனையில் என்ஜின் மென்பொருளை மாற்றி எழுதியிருந்தது 2024-ல் வெளியாகி, அந்தக் காரின் தயாரிப்பைச் சில காலம் நிறுத்த வேண்டிவந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. முதல் தலைமுறைக் கார்களைத் தானே வாங்கிப் பிரித்துப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மாஸ்தா 2017-ல் அறிவித்தது. கூரைத் துணி, மர ஸ்டியரிங், அந்தக் காலத்து டயர்வரை மறுபடி செய்யவைத்தார்கள். அடிப்படைக் கட்டணமே சுமார் 25 லட்சம் யென்னில் தொடங்கியது. நம் கணக்கில் 14, 15 லட்ச ரூபாய். 2015-ல் நான்காம் தலைமுறையின் எளிய மாடலின் விலையும் ஏறக்குறைய அதேதான். பழையதைப் பழையதாகவே திரும்பப் பெறப் புதியதின் விலை! துருப்பிடித்த, விபத்தில் அடிபட்ட கார்களை ஏற்கவும் மாட்டார்கள். சிநேகிதியின் காரில் கதவுக்குக் கீழே துரு உள்ளே இறங்கிவிட்டது. அந்த வழி அடைபட்டது.

ஹிரோஷிமாவில் உட்கார்ந்து இப்படி யோசிப்பது சுலபமில்லை. பழையதை ஓட்டிக்கொண்டே இருக்கும் ஊர் அது. கியோட்டோவும் கோபேயும் டிராம்களை மூடியபோது அந்தப் பெட்டிகளை வாங்கி ஓடவிட்டார்கள். 1942-ல் கட்டப்பட்டு, அணுகுண்டில் சேதமடைந்து, மறுபடி தண்டவாளம் ஏறிய 651, 652 எண் டிராம்கள் அலுவலக நேரத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதே டிராம் கம்பெனி 2025 ஆகஸ்டில் ரயில் நிலையத்தின் இரண்டாவது தளத்துக்குள்ளேயே டிராம் நுழையும்படி புதுப் பாதையும் போட்டது. எது இன்னும் வேலைக்கு ஆகிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. உணர்ச்சிவசப்படுவது என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான்.

எனக்குப் பட்டதைச் சொன்னேன். புதிய காரை இப்போதே வாங்குவது நல்லது. அடுத்தது எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2023 டோக்கியோ கண்காட்சியில் மாஸ்தா காட்டிய ‘ஐகானிக் எஸ்பி’ என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி, கண்ணைப் பறித்தாலும் 1,450 கிலோ. பெட்ரோல், கை கியர், ஆயிரம் கிலோ, மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் நீளமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிநேகிதி என் வாதத்தை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். அவர் யோசித்தது வேறு. மெக்கானிக்கின் கேள்வியைத்தான். “முப்பது வருடம் கழித்து எனக்கு 88. அந்தக் கேள்வி என்னுடையது இல்லை. எனக்கு வேண்டியது இன்னும் பதினைந்து வருடம் ராத்திரியில் வீடு வந்து சேருவது.”

நவம்பரில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மெல்லிய துணிக்கூரை, கை கியர், 1.5 லிட்டர் என்று பதிவு செய்துவிட்டார். சிவப்பு வண்டியை மெக்கானிக்கே எடுத்துக்கொள்கிறார். துருவை வெட்டி எடுத்துத் தகடு பற்றவைக்க வேண்டும், குளிர்காலத்தில் பட்டறையில் வேலை குறைவு என்றாராம். பழையது வெளியே போகும் தேதியைக் குறிப்பிட்டு, நிறுத்துமிடச் சான்றிதழுக்குப் போலீஸ் நிலையத்தில் மனு கொடுத்தாகிவிட்டது.