முன்வாசல் வழியே போய் வாருங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால், “எங்கேயாவது கூட்டிப் போங்கள்” என்று பிள்ளைகள் நச்சரிக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? பத்துமலையும் மோரிப் கடற்கரையும் பார்த்தாகிவிட்டது. பேரங்காடிக்குப் போனாலோ கையில் இருக்கிற காசு கரைந்துவிடும். செலவு குறைந்த, மனத்தில் நிற்கிற ஓர் இடத்தைச் சொல்கிறேன். கோலாலம்பூர் ஏரிப் பூங்காவில் உள்ள துன் அப்துல் ரசாக் நினைவகந்தான் அது.

ஸ்ரீ தாமான் என்பது அந்த வீட்டின் பெயர். துன் ரசாக் துணைப் பிரதமராக இருந்தபோது 1962-இல் அங்கே குடியேறினார். 1970-இல் நாட்டின் இரண்டாவது பிரதமரான பிறகும், 1976 ஜனவரியில் காலமாகும்வரை அதுவே அவர் இல்லம். 1982-இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள பூங்காவோ 1888-இல் உருவாகத் தொடங்கியது. இப்போது அதற்குப் பெர்டானா தாவரவியல் பூங்கா என்று பெயர்.

கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயிலில் ஏறினால், வண்டி மாறாமல் பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து பூங்கா தூரமில்லை. பெரியவர்கள் உடன் வந்தால் மட்டும் வாடகைக் கார் பிடியுங்கள். காலையிலேயே கிளம்புங்கள், பிற்பகலில் மழை வரும், குடை மறக்க வேண்டாம். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டால் ஏரிக்கரை மரநிழலில் உட்கார்ந்து சாப்பிடலாம். நினைவகம் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. முதல் நாளே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பாடத்தை ரயில் நிலையத்திலேயே தொடங்கிவிடலாம். பிரிக்பீல்ட்ஸின் பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் இருப்பது ஏன்? தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்கள் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அவரும் துன் ரசாக்கும் ஒரே அமைச்சரவையில் இருந்தவர்கள்.

நினைவகத்துக்குள் போனதும் 1956-ஆம் ஆண்டை நினைவூட்டுங்கள். அப்போது கல்வியமைச்சராக இருந்த துன் ரசாக்கின் தலைமையில் வெளிவந்ததுதான் ரசாக் அறிக்கை. தமிழ் ஆரம்பப் பள்ளிகளும் பொதுவான பாடத்திட்டத்தோடு நாட்டின் கல்வி அமைப்பில் இடம்பெற வேண்டும் என்றது அது. உங்கள் பிள்ளை படிக்கும் வகுப்பறைக்கும் அந்த வீட்டுக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு. பெல்டா நிலக் குடியேற்றத் திட்டமும் அதே 1956-இல்தான் பிறந்தது. கிராமப்புற மேம்பாட்டு அமைச்சராக அதை வளர்த்தவர் அவர். “அதில் நம்மவர்கள் எத்தனை பேர்?” என்று பிள்ளை கேட்டால் மழுப்பாதீர்கள். குறைவுதான் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இனி என் தாயாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவரை அங்கே அழைத்துப் போனேன். வீட்டைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார். “முன்வாசல் வழியாவாய்யா போறது?” என்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் துரை பங்களாவுக்குப் போனால் பின்பக்கம், குசினிப் பக்கந்தான். முன்படியில் அவர் கால் பட்டதே இல்லை. கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அங்கே எங்களை யாரும் தடுக்கவில்லை.

அந்த மனிதர் புழங்கிய பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், வெளியே வந்ததும் கேட்டார்: “நம்ம லயத்த இப்படி யாராச்சும் எடுத்து வச்சிருக்காங்களாய்யா?”

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் லயம் இடிக்கப்பட்டு, அங்கே வீடமைப்புப் பகுதி எழும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். போய் வந்த அன்று இரவே வீட்டில் தேடுங்கள். பால் வெட்டிய கத்தி, நெற்றி விளக்கு, பழைய சம்பளச் சீட்டு, லயத்து வாசலில் எடுத்த ஒரு படம் — எது கிடைத்தாலும் எறியாதீர்கள். அது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் பிள்ளையை எழுதச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள். பிரதமர் வீட்டை அரசாங்கம் பாதுகாக்கிறது. லயத்து வீட்டை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.

முன்வாசல் வழியே போய் வாருங்கள்.