டாலெக் யாருக்குச் சொந்தம்?

கார்டிஃப்



இந்த வாரம் என் மகள் சாரிட்டி கடையிலிருந்து ஒரு பொம்மை வாங்கி வந்தாள். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் வரும் டாலெக் என்ற பாத்திரம். பார்க்க மிளகுத்தூள் குப்பி மாதிரி இருக்கும். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் பிபிசியின் பெயர், பக்கத்திலேயே டெர்ரி நேஷன் என்று எழுத்தாளர் பெயர். பொம்மைப் பெட்டியிலுமா எழுத்தாளர் பெயர்! எனக்கு வயிறு எரிந்தது.

நேஷன் இந்த ஊர்க்காரர்தான், 1930இல் பிறந்தவர். லண்டன் போய், நகைச்சுவை நடிகர்களுக்கு எழுதிப் பிழைத்தார். டோனி ஹான்காக் என்ற பெரிய நடிகரோடு மனஸ்தாபம் வந்து வேலை போனது. அந்தச் சமயத்தில் அரைமனதாக ஒப்புக்கொண்ட 'டாக்டர் ஹூ' தொடரில் எழுதியதுதான் டாலெக். 1963 டிசம்பரில் ஒளிபரப்பானதும் பிள்ளைகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. 1965, 1966இல் இரண்டு சினிமாப் படங்களும் வந்தன.

இந்த நாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மாதச் சம்பளக்காரர் வேலையில் உருவாக்குவது முதலாளிக்குச் சொந்தம். வெளியிலிருந்து எழுதித் தருபவரின் எழுத்தோ, உரிமையை அவராக எழுதிக் கொடுத்தாலொழிய, அவருக்கே சொந்தம்; அவர் இறந்து 70 ஆண்டு வரை வாரிசுகளுக்கும். நேஷன் வெளியாள். அதனால் பொம்மை, புத்தகம், படம் எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு. 1997இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸில் காலமான பிறகும், 2004இல் புதிய தொடரில் டாலெக்கைக் கொண்டுவர வாரிசுத் தரப்போடு பிபிசி பேரம் பேச வேண்டியிருந்தது.

டாலெக்குக்கு உருவம் வரைந்த ரேமண்ட் கஸிக் பிபிசி சம்பளக்காரர். அவருக்குக் கிடைத்தது நூறு பவுண்டு போல ஓர் அன்பளிப்பு. அநியாயம்தான், அதை இன்னொரு மடலில் பார்ப்போம்.

நாம் மட்டும் என்ன குறைந்தவர்களா? 'பராசக்தி' பட வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்த ஊர் நம்முடையது. ஆனால் நம் சினிமாக் கதை விவாதத்தில் இரவெல்லாம் விழித்து எழுதும் பிள்ளைகளுக்கு இன்றும் பெரும்பாலும் டீயும் பேட்டாவும்தான். திரையில் பெயர் வருவது இயக்குநர் மனம் வைத்தால்.

2012இல் திருத்தப்பட்ட நம் பதிப்புரிமைச் சட்டமும் எழுத்தாளருக்கு ராயல்டி உண்டு என்கிறது. எழுதுகிற தம்பி தங்கைகளே, முன்பணத்தை எண்ணுவதற்கு முன் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படியுங்கள்.