மார்க் ஷீட்டில் வராத மணி நேரங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தோடு, ‘ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?’ என்ற பேச்சும் கேட்கும்.

மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை ஆண்டுக்கு 82,000 பேருக்கு. போர்டு தேர்வில் முதல் 20 சதவிகிதத்துக்குள் வர வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பாதி, மாணவிகளுக்கு. கணக்கு நேர்மையானதுதான்.

ஆனால், கோர்வைப் புடவை நெய்ய, நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடா தள்ள வேண்டும். பள்ளி விட்டதும் என் தோழி அவள் அப்பாவுக்குத் தள்ளினாள். அந்த மணி நேரங்கள் எந்த மார்க் ஷீட்டிலும் வராது.

2010-ல் ‘விதை’ திட்டத்தைத் தொடங்கிய அகரம் ஃபவுண்டேஷன், மார்க்கோடு நிறுத்தாமல், மாணவர் வீட்டுக்கே தன்னார்வலர்களை அனுப்பிப் பார்க்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். தறிக்குழியைப் பார்த்தவருக்குத்தான் அந்த மார்க்கின் எடை தெரியும்.

உங்கள் வீட்டில் ப்ளஸ் டூ பிள்ளை இருக்கிறதா? வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.