குடியிருக்க ஓர் ஊர், போய்வர ஒரு நகரம்

வாழைச்சேனை, டிசம்பர் 2

ஆண்டு முடியப்போகிறது. வரும் ஆண்டு பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது என்ற பேச்சு வீடுகளில் எழும் காலம் இது. அந்தப் பேச்சு பள்ளிக்கூடத்தோடு நிற்பதில்லை. இங்கேயே இருப்பதா, கொழும்புக்குக் குடிபோவதா என்ற கேள்வியில் போய் முடிகிறது. இந்தக் கேள்வியைப் பெரும்பாலானோர் எடைபோடும் விதம் பிழையானது என்பது என் எண்ணம். நகரத்தில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல், ஊரில் என்னென்ன இல்லை என்று இன்னொரு பட்டியல் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் எந்தச் சிற்றூரும் தோற்கத்தான் செய்யும். ஒரு குடும்பத்துக்குப் பயன்படும் கணக்கு வேறு. எது நாள்தோறும் வேண்டும், எது ஆண்டில் ஓரிரு தடவை வேண்டும் என்று முதலில் பிரிக்க வேண்டும். தண்ணீர், கூரை, சோறு, வேலை, பள்ளிக்கூடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் ஆகியவை நாளாந்தத் தேவைகள். விசேட வைத்திய நிபுணர், கடவுச்சீட்டு அலுவலகம், பெரிய கடை ஆகியவை எப்போதாவது வேண்டியவை. நாளாந்தத் தேவை எங்கே ஒழுங்காகத் தீர்கிறதோ அங்கேதான் குடும்பம் இருக்க வேண்டும். எப்போதாவது வருகிற தேவைக்குப் பயணம் போதும், குடிபெயர்வு வேண்டாம். கொழும்பு இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அண்மித்த தூரத்தில் இருந்தாலும், இரவு ரயில் ஏறினால் விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். மட்டக்களப்பு நகரம் முப்பது கிலோமீற்றர் அளவுதான். பக்கத்து ஓட்டமாவடியின் பழைய பாலத்தில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வழி என்றிருந்த காலம் போய்விட்டது. பயணம் இலகுவாக ஆக, குடிபெயர வேண்டிய காரணங்கள் குறைய வேண்டும். ஆனால் நம்மிடையே அவை கூடிக்கொண்டு போகின்றன.

டிசம்பர் 5

முதலில் கூரையைப் பற்றி. மட்டக்களப்புப் பகுதியின் குடும்ப அமைப்பு இலங்கையின் மற்றைய பல இடங்களிலிருந்து வேறுபட்டது. இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குச் சீதனமாக வீடு எழுதப்படுகிறது, கலியாணத்தின் பின் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். தாய்வழிக் குடிமுறையும் முக்குவர் சட்டமும் விட்டுச்சென்ற இந்த வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இன்றுவரை இருக்கிறது. அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதனால் ஒரு பெண்ணுக்குத் தன் பெயரில் ஒரு வளவு இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் தாயும் சகோதரிகளும் இருக்கிறார்கள். குழந்தை பிறந்தாலும், கணவன் சுகமில்லாமல் விழுந்தாலும், அவளே ஒரு வேலைக்குப் போக நினைத்தாலும், பிள்ளையைப் பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

அதே குடும்பம் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ் எடுத்தால் என்ன நடக்கிறது? பல மாத வாடகையை முற்பணமாகக் கட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் வாடகை ஏறும், அல்லது வீடு மாற வேண்டும். வீட்டுக்காரி என்றிருந்தவள் வாடகைக்காரரின் மனைவி ஆகிவிடுகிறாள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஐந்தேகால் இலட்சம் அளவில், அவர்கள் வாழ்ந்த பரப்பு 2,854 சதுர கிலோமீற்றர். ஏறக்குறைய அதே அளவு சனம் கொழும்பு மாநகர எல்லைக்குள், வெறும் 37 சதுர கிலோமீற்றரில் இருந்தது. அந்த நெருக்கத்தின் விலையைத்தான் வாடகையாகக் கட்டுகிறோம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அந்தச் சீதன வீட்டைக் கட்டுவதற்குள் தகப்பனும் அண்ணன் தம்பியரும் தேய்ந்து போகிறார்கள், அந்த வழக்கத்தைப் பெருமையாகப் பேசலாமா என்று கேட்பார்கள். அந்தச் சுமை உண்மையானது, குறைய வேண்டியது. ஆனால் கட்டி முடிந்த வீட்டைப் பூட்டிவிட்டு வாடகைக்குப் போவதால் அது குறைவதில்லை. செய்த செலவு பயனற்றுப் போகிறது, புதிய செலவு ஒன்று கூடுகிறது.

டிசம்பர் 9

இனி, எல்லோரும் முதலில் சொல்லும் காரணமான படிப்பு. கொழும்புக்குப் போனால் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்பது பாதி உண்மை. நல்ல பள்ளிக்கூடங்கள் அங்கே இருக்கின்றன, புதிதாக வந்தவருக்கு அவை எளிதில் கிடைப்பதில்லை. பெயர்பெற்ற அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தர அனுமதியில் பாதி இடங்கள் அண்மையில் குடியிருப்போருக்கு. அதை நிரூபிக்க உறுதியும், கடந்த ஐந்தாண்டு வாக்காளர் இடாப்பும் கேட்கிறார்கள். இன்னொரு கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. நேற்று வந்த வாடகைக் குடும்பத்துக்கு இந்த இரண்டு வாசலும் ஒடுக்கமானவை. பிறகு சர்வதேசப் பாடசாலை என்ற பெயரில் கட்டணம் கட்ட வேண்டி வருகிறது. 1945இலிருந்து இந்த நாட்டில் இருக்கும் இலவசக் கல்வியைக் கைவிட்டுக் காசு கொடுத்து வாங்குவது, எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம்.

அடுத்தது பல்கலைக்கழக அனுமதி. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று, கொழும்பு அதில் இல்லை. எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதைப் பார்த்தே ஒரு மாணவரின் மாவட்டம் தீர்மானமாகிறது. ஆகவே உயர்தரத்துக்குக் கொழும்புக்குப் போகும் பிள்ளை, மிகக் கடுமையான வெட்டுப்புள்ளிகளில் ஒன்றைத் தானாகவே தேடிப் போகிறது.

சலுகையை நம்பிப் பின்தங்கிய இடத்தில் இருப்பது மானமுள்ள வழியா என்று சிலர் கேட்கலாம். அந்த ஏற்பாடு இரக்கத்தால் வந்ததல்ல. ஆய்வுகூடமும் ஆசிரியரும் குறைந்த இடத்தில் ஒரு பிள்ளை எடுக்கும் புள்ளிக்குப் பின்னால் கூடுதல் உழைப்பு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனாலும் அந்தக் குறையை மூடி மறைக்கக் கூடாது. கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் இல்லாமல் உயர்தரப் பிரிவுகள் தடுமாறும் நிலை எங்கள் கல்குடா கல்வி வலயத்துக்குப் புதிதல்ல. அப்படியானால் வழி மட்டக்களப்பு நகரம். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், 1873இல் தொடங்கிய புனித மைக்கேல் கல்லூரியும் அங்கேதான் இருக்கின்றன. மாவட்டமும் மாறாது, வீடும் மாறாது, பிள்ளை பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரலாம். கிழக்குப் பல்கலைக்கழகம் அதே வீதியில், வந்தாறுமூலையில், பாதி வழியிலேயே இருக்கிறது. ஒரு பிள்ளையின் இரண்டாண்டு உயர்தரத்துக்காக முழுக் குடும்பத்தையும் பெயர்க்க வேண்டியதில்லை.

டிசம்பர் 15

என் வாதம் மிகவும் பலவீனப்படும் இடத்துக்கு இன்று வருகிறேன். வேலையும் நாளாந்தத் தேவைதான் என்று நானே எழுதியிருக்கிறேன். அது இங்கே இல்லை என்றால் மற்றதெல்லாம் இருந்து என்ன?

வாழைச்சேனை என்றதும் இலங்கை முழுவதும் ஒரு காலத்தில் நினைத்தது கடதாசி ஆலையைத்தான். 1950களில் எழுந்த அந்த ஆலை, சுற்றுவட்டார வயல்களின் வைக்கோலை மூலப்பொருளாக்கி, ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. வேலைக்காக மற்ற மாவட்டத்தவர் இங்கே வந்து குடியேறிய காலம் அது. நகரத்தின் ஒரு முக்கியமான குணம், நிலையான கூலி, சிற்றூருக்கு வந்து சேர்ந்திருந்தது. இயந்திரங்கள் பழுதாகி, போர் இறுகி, ஆலை தளர்ந்து நின்றபோது அந்தக் குணமும் போனது. மீண்டும் இயக்கும் முயற்சிகள் நடந்தாலும் பழைய நிலை திரும்பவில்லை. இன்று மீன்பிடித் துறைமுகம், வயல், அரசாங்க உத்தியோகம், கடைத்தெரு, 2009க்குப் பிறகு பாசிக்குடாவில் எழுந்த ஹோட்டல்கள் ஆகியவைதான் வேலைவாய்ப்பு. கணக்கியல் படித்த மகளுக்கும் கணினி படித்த மகனுக்கும் இவை போதா.

சிற்றூரில் சோற்றுக்குக் குறைவில்லை என்ற ஆறுதலும் முழுதாக நிற்காது. 2021இல் இரசாயன உர இறக்குமதி நின்றபோது வயல் விளைச்சல் விழுந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியபோது சிறிய தோணிகள் கரையில் கிடந்தன. கொழும்பில் எரிவாயுவுக்கு வரிசை நின்றது, இங்கே மண்ணெண்ணெய்க்கு. வித்தியாசம் ஒன்றுதான்: இங்கே பெரும்பாலானோருக்கு வாடகை இல்லை, கிணறு இருந்தது, வளவில் தென்னையும் முருங்கையும் இருந்தன. நெருக்கடி எல்லோரையும் அடித்தது. சொந்தக் கூரை உள்ளவனை அது தெருவில் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரில் குடும்பம் இருக்கிறது என்று நாம் சொல்லும் பல வீடுகளில் தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறாள். நுண்கடனும் வீட்டுக் கடனும் அவளை அனுப்பி வைக்கின்றன. அந்த வீட்டின் சுவர் இங்கே இருக்கிறது, குடும்பம் இங்கே இல்லை. அப்படி ஆளைப் பிரித்துத்தான் ஊரில் வேரூன்ற முடியும் என்றால், குடும்பம் ஒன்றாகக் கொழும்புக்குப் போவதையே நான் சிறந்தது என்பேன். என் அளவுகோல் குடும்பத்தின் நாளாந்த வாழ்வு. ஊர்மேல் உள்ள பற்று அதற்கு அடுத்தபடிதான்.

டிசம்பர் 20

பெண்பிள்ளைகளைப் பற்றிய மறுப்பை நான் இலேசாக எடுக்கவில்லை. சிற்றூரில் ஒரு பெண் பஸ் தரிப்பிடத்தில் யாரோடு பேசினாள் என்பதுவரை செய்தியாகிறது. நகரத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அந்தப் பாராமுகம் சிலருக்கு மூச்சுவிடும் இடமாக இருக்கிறது. சாதியும் சமயமும் குடும்பப் பெயரும் இறுக்கும் இடத்திலிருந்து வெளியேற நினைக்கும் இளையவருக்கு, ஊரில் இரு என்று புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அது வளர்ந்த ஒருவர் தனக்காக எடுக்கும் முடிவு. சிறு பிள்ளைகளோடு இருக்கும் குடும்பத்தின் முடிவு வேறு. பத்து வயதுப் பிள்ளைக்கு ஊரின் கண் வேலியாக இருந்து காக்கிறது. இருபது வயதில் அதே வேலி நெருக்கும். இரண்டுமே உண்மை என்பதால், பிள்ளைகள் வளரும்வரை ஊர், வளர்ந்த பிறகு அவர்கள் விரும்பினால் நகரம் என்ற ஒழுங்கை நான் நியாயமாகக் காண்கிறேன்.

வைத்தியத்தைப் பொறுத்தவரை, வாழைச்சேனையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது, அதற்கு அடுத்தது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. மாரடைப்பு வந்தவருக்கு முப்பது கிலோமீற்றர் நீளமான தூரம்தான். கொழும்பிலும் மாலை வேளையில் காலி வீதி நெரிசலில் அம்புலன்ஸ் நகர எடுக்கும் நேரம் குறைவானதல்ல. தொடர்ச்சியான சிகிச்சை வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. அங்கே நிபுணர் எப்போதாவது வேண்டியவர் அல்லர், வாராவாரம் வேண்டியவர். அந்தக் குடும்பம் வைத்தியசாலைக்குக் கிட்டப் போகத்தான் வேண்டும்.

டிசம்பர் 26

இன்றைய திகதி இந்தக் கரையில் எதை நினைவூட்டுகிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1978 நவம்பரில் சூறாவளி, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, இடையில் நீண்ட போர், 2002 ஜூனில் இதே ஊரில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல். இத்தனையும் கண்ட இடத்தில் பிள்ளைகளை வளர்க்கச் சொல்வது எப்படி என்று கேட்பவர்களுக்குப் பதில் கடன்பட்டிருக்கிறேன்.

பாதுகாப்புக்காகக் கொழும்புக்குப் போனவர்களின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் எரிந்த வீடுகளிலிருந்து தப்பியவர்கள் வடக்கையும் கிழக்கையும் நோக்கித்தான் வந்தார்கள். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. போரையும் கலவரத்தையும் விட்டுப் பார்த்தாலும், 2016 மே மாதம் களனி ஆறு பெருகிக் கொழும்பை அடுத்த கொலன்னாவை மூழ்கியது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முழுப் பாதுகாப்பான இடம் என்று ஒன்றை இந்த நாடு நமக்கு வைத்திருக்கவில்லை. எங்கே இருந்தாலும் ஆபத்து வரும் என்றால், அது வரும்போது கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி. அடுத்த சமூகத்தோடு நாளாந்தம் சந்தையிலும் துறைமுகத்திலும் சேர்ந்து பிழைப்பதுதான் வாழைச்சேனைக்கும் ஓட்டமாவடிக்கும் நீண்டகாலப் பாதுகாப்பு. ஆட்கள் வெளியேறிக்கொண்டே இருந்தால் அந்தப் பழக்கமும் வலுவிழக்கும்.

டிசம்பர் 31

கணக்கை முடிக்கிறேன். வேலை இங்கேயோ மட்டக்களப்பிலோ இருந்தால், பிள்ளைகள் பாடசாலை வயதில் இருந்தால், வீடு சொந்தமானால், இந்த ஊரை விட்டுப் போகக் காரணமில்லை. கொழும்பைப் போய்வரும் இடமாக வைத்துக்கொள்ளலாம். வேலை கொழும்பில் மட்டும் என்றாலோ, வாராவாரம் நிபுணரைப் பார்க்க வேண்டிய நோயாளி இருந்தாலோ, குடும்பம் பிரியாமல் ஒன்றாகப் போகட்டும். அதில் தோல்வியோ துரோகமோ இல்லை. சீதன வீட்டை மட்டும் விற்க வேண்டாம்.

இந்தக் கணக்கு குடும்பங்களின் கையில் மட்டும் இல்லை என்பதையும் எழுதியே ஆக வேண்டும். கடதாசி ஆலை ஓடியபோது மக்கள் இங்கே வந்தார்கள், நின்றபோது போனார்கள். அவர்களுடைய மனம் மாறியதல்ல காரணம். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் ஆசிரியர், வைத்தியசாலையில் நிபுணர், படித்தவருக்கு ஒரு வேலை ஆகிய மூன்றும் இங்கே உறுதியானால், கொழும்பா ஊரா என்ற பேச்சு தானாகவே குறையும். ஆகவே குடிபெயர்வதற்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையாவது பாடசாலை அபிவிருத்திக் கூட்டத்திலும், பிரதேச சபையிலும், வாக்குக் கேட்டு வருபவர்களிடமும் செலவிட வேண்டும். ஊரில் இருக்க முடிவு செய்யும் குடும்பம் அந்த மூன்றையும் கேட்டுப் பெறும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்காமல் ஊரின் அருமையை மட்டும் பேசினால், அடுத்த தலைமுறைக்கு ரயில் நிலையத்தைத் தவிர வேறு வழி இருக்காது.